விருந்தாளியைக் குறித்துச் சாட்சி எழுதலாமா?



கோயம்புத்தூரில் வேலைசெய்யும் ஒரு சகோதரர் எழுதிய கடிதத்தை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் இடுக்கி மாவட்டத்தில் சூரியநெல்லிப் பக்கம் பிறந்தவர். தகப்பனாரும் தாயாரும் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். வேலை முடிந்தால் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மலையிலிருந்து பட்டணம் வந்த வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. கிராஜுவிட்டிப் பணத்தோடு மகனுடைய சேமிப்பையும் சேர்த்துச் சில சென்ட் நிலத்தில் ஒரு வீடு கட்டினார்கள். அதன் இரண்டு அறைகளை ஏர்பிஎன்பி செயலி வழியாகச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். பதிவுகளை மகன் கோவையிலிருந்து கவனிக்கிறார். சமையலும் சுத்தமும் தாயாருடைய கையில்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான்கு பேர் என்று பதிவு செய்திருந்த இடத்தில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். ஒரு பட்டணத்துச் சபையின் வாலிபர்கள். "அம்மா, நாங்களும் விசுவாசிகள்தான்" என்று வாசலிலேயே சொன்னார்களாம். தாயார் மகிழ்ந்துபோய், படுக்கை இல்லாதவர்களுக்குத் தம்முடைய கம்பளிகளை எடுத்துக் கொடுத்தார். இரவு பத்து மணிக்கு மேல் கித்தாரோடு தொடங்கிய பாடலும் ஜெபமும் அதிகாலை வரை நீடித்தன. பக்கத்து வீட்டார் காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள். ஜன்னலைத் திறந்து சத்தம் போட்டுப் பார்த்து, பின்பு அடைத்துக்கொண்டார்கள். நள்ளிரவில் மூன்று வாலிபர்கள், தகப்பனார் தடுத்தும் கேளாமல், யானை பார்ப்பதற்காக ஆனையிறங்கல் பக்கம் பைக்கில் கிளம்பிப்போனார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை தகப்பனார் வாசலிலேயே நின்றிருக்கிறார். மறுநாள் கழுவாத பாத்திரங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். அதிகப்படியான ஐந்து பேருக்குப் பணம் கேட்டபோது, "ஊழியத்திற்கு வந்தோம், கர்த்தருக்குள் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது.

"இவர்களைக் குறித்து உள்ளபடி எழுதலாமா?" என்பது சகோதரருடைய கேள்வி. எழுதாதே, கர்த்தருடைய பிள்ளைகள் என்கிறார் தகப்பனார். கம்பளிகளை இரண்டு நாள் வெயிலில் போட வேண்டியிருந்தது என்பதற்கு மேல் தாயார் ஒன்றும் சொல்லவில்லையாம்.

இக்கடிதத்திற்கு முன்பே தொலைபேசியில் பதில் கூறிவிட்டோம். செயலி தரும் கெடு பதினான்கு நாள். நம்முடைய இதழோ மாதத்திற்கு ஒருமுறை வருகிறது. ஆனாலும் மூணாறு, மறையூர், காந்தளூர், குமுளி என்று எங்கும் நம்முடைய ஜனங்கள் அறைகளை வாடகைக்கு விடுகிற இந்நாட்களில், இக்கேள்வி ஒரு வீட்டோடு நிற்கிறதாக நமக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்த ஏற்பாட்டை அறிந்துகொள்ளுங்கள். விருந்தாளி புறப்பட்ட பின் பதினான்கு நாட்களுக்குள் அவர் வீட்டைக் குறித்தும், வீட்டார் அவரைக் குறித்தும் மதிப்புரை எழுதலாம். பிள்ளைகள் இதை ரிவியூ என்பார்கள். இருவரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது கெடு தீரும்வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் காண முடியாது. 2014-ஆம் ஆண்டில்தான் இம்முறை வந்தது. அதற்கு முன், "நீ எனக்குக் குறைவாக எழுதினால் நான் உனக்குக் குறைவாக எழுதுவேன்" என்ற பயம் இருபுறமும் இருந்தது. விருந்தாளியின் சுத்தம், தகவல் பரிமாற்றம், வீட்டு விதிகளைக் கைக்கொண்டது ஆகிய மூன்றுக்கும் வீட்டார் நட்சத்திரம் இடுகிறார்கள். விருந்தாளி மாத்திரம் படிக்கும்படி தனிக்குறிப்பு எழுதவும் இடமுண்டு. அடுத்து அவர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறாரோ, அந்த வீட்டார் இந்த மதிப்புரையைப் பார்த்துத்தான் அவரை ஏற்பதா என்று தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே அது யாருக்காக எழுதப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். வந்துபோன விருந்தாளியைத் தண்டிக்கிறதற்கோ, அவரை மகிழ்விக்கிறதற்கோ அந்த இடம் வைக்கப்படவில்லை. நீங்கள் ஒருபோதும் கண்டிராத, வட்டவடையிலோ வாகமண்ணிலோ அடுத்ததாகக் கதவைத் திறக்கப்போகிற ஒரு தாயாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது. சாட்சியாயிருந்து கண்டதையும் அறிந்ததையும் தெரிவிக்காமல் இருக்கிறவன் தன் அக்கிரமத்தைச் சுமப்பான் என்ற பொருளில் நியாயப்பிரமாணம் கூறுவதை (லேவியராகமம் 5:1) நாம் அடிக்கடி தியானிப்பதில்லை. பொய்சாட்சி கூடாதென்ற கற்பனை நமக்கு மனப்பாடம். அறிந்த சாட்சியை விழுங்குவதும் குற்றம் என்ற வசனத்தையோ விரைவாகக் கடந்துபோகிறோம்.

விருந்தாளிக்கு மதிப்பு இடுவது சரியா என்பதில் உலகத்து நிறுவனங்களும் ஒரே வழியில் நடக்கவில்லை. ஈபே என்ற விற்பனைத் தளம் 2008-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து, வாங்குகிறவரைக் குறித்து விற்கிறவர் குறைவாக எழுதுவதையே நிறுத்திவிட்டது. பழிவாங்கலுக்குப் பயந்து வாங்குகிறவர்கள் உண்மையைச் சொல்லாமலிருந்தார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பொருள் விற்பனைக்கு அது பொருந்தலாம். முன்பின் அறியாத மனிதர் நம் கூரையின்கீழ் நித்திரை செய்கிற காரியத்திற்கு அது போதாது. மறுபுறம், எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்தால் என்னவாகும்? பாஸ்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறக்குறைய 95 சதவீதம் நாலரை அல்லது ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தன. எல்லாம் ஐந்து என்றால் அந்த ஐந்துக்கு என்ன அர்த்தம்? நம்முடைய சபைகள் கொடுக்கும் அறிமுகக் கடிதங்களையும் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம்.

இனி வேதத்திற்கு வருவோம். அந்நியரை உபசரிப்பதைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு நிருபம் புதிய ஏற்பாட்டில் இருக்கிறது. பதினைந்துக்கு மேற்படாத வசனங்களைக் கொண்ட யோவானின் மூன்றாம் நிருபம் அது. வந்த சகோதரரையும் அந்நியரையும் காயு ஏற்றுக்கொண்டதை அப்போஸ்தலர் மெச்சுகிறார். தியோத்திரேப்பு அவர்களை ஏற்காததையும், ஏற்க மனதுள்ளவர்களைத் தடுத்ததையும் பெயர் சொல்லியே எழுதுகிறார். தேமேத்திரியுவுக்கோ எல்லாராலும் நற்சாட்சி உண்டு என்கிறார். ஒரே தாளில் குறையும் நிறையும்! "அன்பின் அப்போஸ்தலர்" என்று நாம் அழைக்கிறவர்தான் இதை எழுதினார். அந்த நிருபத்தின் முடிவையும் பாருங்கள். இன்னும் எழுத அநேகம் இருந்தும் எல்லாவற்றையும் மையில் வைக்க அவருக்கு மனமில்லை. மீதியை முகமுகமாய்ப் பேச வைத்துக்கொள்கிறார். எழுத வேண்டியது சில, நேரில் பேச வேண்டியது சில என்று அவர் பிரித்திருக்கிறார்.

பவுலும் அப்படியே பிரித்தார். கன்னானாகிய அலெக்சந்தர் தமக்குச் செய்த தீமையைச் சொல்லி, அவனைக் குறித்து நீயும் எச்சரிக்கையாயிரு என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார். முதல் விசாரணையில் தம்மைக் கைவிட்டவர்களைப் பற்றி அடுத்த வசனத்திலேயே பேசும்போதோ, அங்கே ஒருவர் பெயரையும் சொல்லாமல், அது அவர்கள்மேல் சுமராதிருக்கும்படி வேண்டிக்கொண்டார் (2 தீமோத்தேயு 4:14-16). தம்மை வருத்தியதை மன்னித்து மூடினார். தீமோத்தேயுவுக்கும் கேடு செய்யக்கூடியதை மறைக்கவில்லை. அன்பு திரளான பாவங்களை மூடும் என்று போதித்த பேதுரு, மறு வசனத்திலேயே முறுமுறுப்பில்லாமல் உபசரிக்கச் சொல்வதும் (1 பேதுரு 4:8,9) காரணமில்லாமல் இல்லை. உபசரிக்கிற வீட்டில் மூடவேண்டியவை எப்போதும் ஏராளமாய் இருக்கும்.

வேதத்தோடு சேராத ஒரு பழைய நூலையும் சுட்டலாம். "பன்னிரு அப்போஸ்தலரின் போதனை" எனப்படும் அந்தக் கைப்பிரதி 1873-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கண்டெடுக்கப்பட்டு 1883-இல் அச்சில் வந்தது. ஆதி சபையார் பயண ஊழியரை ஏற்றுக்கொள்ள வைத்திருந்த விதிகள் அதில் உள்ளன. ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம். மூன்று நாள் தங்குகிறவனும், புறப்படும்போது பணம் கேட்கிறவனும் கள்ளத் தீர்க்கதரிசி என்று அந்நூல் தயங்காமல் கூறுகிறது. விசுவாசிகளின் உபசரிப்பை விசுவாசத்தின் பெயரால் சுரண்டும் வழக்கம் புதிதல்ல என்பது அதிலிருந்து தெரிகிறது. "கர்த்தருக்குள் தள்ளுபடி" கேட்கிறவர்களும் அதைப் படித்தால் நல்லது.

தகப்பனாருடைய தயக்கத்தையும் நாம் இலேசாக எண்ணவில்லை. சகோதரர் சகோதரர்மேல் அவிசுவாசிகள் முன்பாக வழக்காடுவதை 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரம் கண்டிக்கிறதே என்று அவர் கேட்டாராம். நல்ல கேள்விதான். அங்கே சொல்லப்பட்டது, தன் உடைமைக்காகத் தீர்ப்புக் கேட்கிற வழக்கு. ஐந்து பேருக்குரிய பணத்திற்காக இந்தக் குடும்பம் நஷ்டத்தைச் சகித்துக்கொள்ள விரும்பினால் அது அவர்களுடைய கிருபை. ஆனால் அடுத்த வீட்டாருக்கு எச்சரிப்புச் சொல்வது வழக்கு ஆகாது. அவர் நமக்கு நீதிபதியாக வரவில்லை, நம்மைப்போல ஒரு வீட்டுக்காரராக வருகிறார். அவருடைய வாசலிலும் நள்ளிரவில் ஒரு முதியவர் நிற்க நேரிடலாம். விருந்தாளி விசுவாசி என்பதற்காக மறைத்து, அவிசுவாசியானால் எழுதுவோம் என்றால், நம் கையில் இருவகை நிறைகற்கள் இருக்கின்றன என்றே அர்த்தம்.

யானைக் காரியத்தை நாம் முதன்மையாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கங்களில் காட்டு யானைகளால் வீடுகள் உடைந்ததும் உயிர்கள் போனதும் அந்த ஊரார் அனைவரும் அறிந்தவை. அரிசியைத் தேடி வீடுகளை உடைத்ததால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மறு மாதமே அது கம்பம் நகருக்குள் நுழைந்ததைத் தேனி மாவட்டத்து வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் நள்ளிரவில் விளக்கைப் போட்டுக்கொண்டு யானை தேடுகிறவர்கள் தங்கள் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. விரட்டப்பட்ட யானை அடுத்து யாருடைய சுவரில் மோதும் என்று சொல்ல முடியாது.

ஆகவே அந்தச் சகோதரருக்கு நாம் கூறியது இது. மத்தேயு 18:15 காட்டும் முதல் படியை முதலில் செய்யுங்கள். எழுதுவதற்கு முன் அந்த வாலிபர் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். பணத்தையும் மதிப்புரையையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடாதீர்கள். "மீதியைத் தந்தால் நன்றாக எழுதுகிறேன்" என்று ஒரு வார்த்தை விழுந்தாலும் உங்கள் சாட்சி விலைக்குப் போய்விட்டது. அந்த நிறுவனத்தின் விதியும் அதைத் தடைசெய்கிறது. கழுவாத பாத்திரங்களையும் கம்பளிகளையும் தனிக்குறிப்பில் சொல்லுங்கள், அல்லது மன்னித்து விட்டுவிடுங்கள். கண்ணால் கண்டவற்றில், அடுத்தவருக்கு அவசியமானதை மாத்திரம் வெளிப்படையாக எழுதுங்கள்.

சத்தத்தை எழுதும்போது "ஜெபம்" என்று எழுதலாமா என்று அவர் திரும்பக் கேட்டார். வேண்டாம் என்றோம். கர்த்தருடைய நாமம் பரியாசமாகும் என்ற பயம் மட்டும் அதற்குக் காரணமல்ல. சினிமாப் பாட்டாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்திருக்கும். அடுத்த வீட்டாருக்குத் தேவை நேரமும் சத்தமும்தான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரையுள்ள நேரத்தை இராக்காலமாக வகுத்தபோது, யாருக்காகப் பாடுகிறீர்கள் என்று விசாரிக்கவில்லை.

அவர் எழுதி அனுப்பியது நான்கே வாக்கியங்கள்: "நான்கு பேருக்குப் பதிவு செய்து ஒன்பது பேர் தங்கினார்கள். இரவு பத்து மணிக்குப் பின்னும் சத்தம் நீடித்து அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டது. யானை நடமாட்டம் காரணமாக வெளியே போகவேண்டாம் என்று சொல்லியும் மூவர் நள்ளிரவில் சென்றார்கள். எங்களிடம் மரியாதையாகப் பேசினார்கள், பொருட்களுக்குச் சேதம் செய்யவில்லை." கடைசி வாக்கியம் தகப்பனார் சேர்க்கச் சொன்னதாம். அதுவும் உண்மையே, ஆகையால் அதுவும் சாட்சியே.

வழக்குப் போடுவார்களோ என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவதூறு குறித்த சட்டம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாயிருக்கிறது. பொதுநன்மைக்காகச் சொல்லப்படும் உண்மையும், ஒருவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் கொடுக்கப்படும் எச்சரிப்பும் அதில் விதிவிலக்குகளாகக் கூறப்பட்டுள்ளன. ஆனால் கண்டதை எழுதாமல் யூகித்ததை எழுதினால் அந்த நிழல் கிடைக்காது. "ஒன்பது பேர் தங்கினார்கள்" என்பது கண்டது. "ஏமாற்றுக்காரர்கள்" என்பது யூகம்.

வகுப்பாகச் சேர்த்து எழுதுவதும் கூடாது. "இந்த ஊர்க்காரர்களே இப்படித்தான்", "கல்யாணமாகாத பையன்களுக்குக் கொடுக்காதீர்கள்", "அந்த ஜனங்கள்" என்ற சொற்கள் மலைவீடுகளின் மதிப்புரைகளில் புகுவது எளிது. அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பினத்தாருக்குரிய பெயரோடு அறை கேட்டவர்களை ஏர்பிஎன்பி வீட்டார் ஏற்கும் வாய்ப்பு ஏறக்குறைய 16 சதவீதம் குறைவாயிருந்தது. அதற்கு அவ்வளவு தூரம் போவானேன்? பட்டணத்தில் வாடகை வீடு தேடிய நாட்களில், "நீங்கள் என்ன ஆட்கள்? எந்தச் சபை? கறி சமைப்பீர்களா?" என்ற கேள்விகளுக்கு முன் நின்றவர்கள் நம்மில் எத்தனைபேர்! கேரளத்து அலுவலகங்களில் "பாண்டி" என்ற ஏளனத்தையும், தமிழ்நாட்டில் "மலையாளத்துப் பக்கம்" என்ற ஏளனத்தையும் சேர்த்துச் சுமந்த எல்லைப்புறத்தார், அதே அளவுகோலை எடுத்து இன்னொருவனை அளக்கலாகாது.

பாலக்காட்டு எல்லையிலிருந்து வந்த இன்னொரு கேள்விக்கு நம்முடைய பதில் வேறுவிதமாயிருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டை வாரக்கடைசியில் வாடகைக்கு விடும் ஒரு சகோதரி, கோவையிலிருந்து வந்தவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து கள் அருந்தியதைக் கண்டு மனம் நொந்து, ஒற்றை நட்சத்திரம் இடலாமா என்று கேட்டிருந்தார். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடையிருப்பதும், கேரளத்தில் அது அனுமதிக்கப்பட்ட தொழில் என்பதும், சித்தூர் வட்டாரம் அதற்குப் பேர்போனது என்பதும், அந்தப் பக்கத்துக்குச் சிலர் எதற்காக வருகிறார்கள் என்பதும் யாவரும் அறிந்தவை. சகோதரியின் வேதனை நியாயமானது. ஆயினும் அவருடைய வீட்டு விதிகளில் மதுவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. விருந்தாளிகள் நாட்டின் சட்டத்தையும் மீறவில்லை, வீட்டின் விதியையும் மீறவில்லை. சொல்லாத விதிக்குத் தண்டனை கொடுப்பது நீதியாகாது. "இந்த வீட்டில் மது, புகை அனுமதியில்லை" என்று முன்பதிவுப் பக்கத்திலும் வாசலிலும் எழுதி வையுங்கள், அதற்குப் பின் மீறுகிறவர்களைப் பற்றி எழுதுங்கள் என்று அவருக்குப் பதில் அனுப்பினோம். இதனால் சில பதிவுகள் குறையுமே என்று கேட்டார். குறையும்தான்.

விருந்தாளிகளாகப் போகிற வாசகர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கோடை விடுமுறையில் வாலிபர் முகாமுக்கோ குடும்ப ஐக்கியத்திற்கோ மலைவீட்டை எடுக்கிறவர்கள், பதிவு செய்யும்போதே எத்தனை பேர் என்று உள்ளபடி சொல்லிவிடுங்கள். இரவில் ஜெபிக்க விரும்பினால் சுற்றிலும் வீடுகள் இல்லாத முகாம் இடத்தைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் பத்து மணிக்கு மேல் சத்தமில்லாமல் ஜெபியுங்கள், அன்னாள் உதடு மாத்திரம் அசைய ஜெபித்ததும் கேட்கப்பட்டது. பேசிய பணத்தை முழுதும் கொடுங்கள். புறப்படுமுன் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கம்பளிகளை மடித்து வைத்துவிட்டு, அந்தத் தாயாரிடம் சொல்லிக்கொண்டு வாருங்கள்.